தோலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றப் பாதுகாப்பான வழி எது?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வெளிர்ந்த தோல். வெயிலில் நின்றால் முதலில் சிவந்து எரிகிறது, அதன் பிறகே கொஞ்சம் நிறம் ஏறுகிறது. இன்னும் 2 மாதத்தில் ஒரு குடும்ப விழா, அதை அடுத்துக் கடற்கரைப் பயணம். வெயிலில் படுப்பது, டேனிங் படுக்கை (புற ஊதாக் கதிர் விளக்குகளுக்கு நடுவே படுத்து நிறம் ஏற்றும் கருவி), பூசும் லோஷன், மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே என்று ஐந்தையும் அடுக்கி, இவற்றில் எது பாதுகாப்பானது என்று கேட்டிருக்கிறீர்கள். பயணத்துக்கு முன்பே கொஞ்சம் நிறம் ஏற்றிக்கொண்டால் அங்கே தோல் எரியாது என்று தோழி சொன்னது உண்மையா, 16 வயதுத் தங்கையையும் டேனிங் படுக்கைக்கு அழைத்துப் போகலாமா என்பவை துணைக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: தோல் கெடாமல் அந்த நிறம் மட்டும் கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் கதிர்களின் வழியாகக் கிடைக்காது. பல ஆண்டுகளாகத் தோல் நோயாளிகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நிறம் வேண்டும் என்று ஆசைப்படுவதற்காக உங்களைக் கண்டிக்கப் போவதில்லை. கருக்க விரும்புபவர்களும் வெளுக்க விரும்புபவர்களும் என்னிடம் வருகிறார்கள். இருவரையும் கேடான வழிகளிலிருந்து விலக்கிவிடுவதுதான் என் வேலை.

வெயிலில் தோல் ஏன் கருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல்தோலின் உயிருள்ள செல்களை அடையும்போது, அங்குள்ள டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகள் தவறாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சேதத்தை உணர்ந்ததும் செல்லுக்குள் இருக்கும் பி53 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது தூண்டிவிடும் ஹார்மோன், தோலின் அடிவரிசையில் இருக்கும் மெலனோசைட் செல்களுக்குச் சென்று மெலனின் என்ற நிறமியின் உற்பத்தியை முடுக்குகிறது. அந்த மெலனின் பக்கத்துச் செல்களுக்குள் போய், அவற்றின் உட்கருவுக்கு மேல் கவிந்து நிற்கிறது. பி53க்கும் நிறம் ஏறுவதற்கும் உள்ள இந்தத் தொடர்பு 2007இல் தெளிவாக விளக்கப்பட்டது. சேதம் முதலில், நிறம் அதற்குப் பின்னால் என்பதுதான் இதில் முக்கியம். சேதமே இல்லாமல் நிறத்தை மட்டும் ஏற்றும் ‘சரியான அளவு வெயில்’ என்று ஒன்று கிடையாது. தோல் சிவக்காத அளவுக்குக் குறைவாக வெயில் பட்டாலும் சேதம் குறையுமே தவிர, இல்லாமல் போகாது. சேதத்தில் பெரும்பகுதியைச் செல்கள் தாமாகவே சரிசெய்துகொள்கின்றன என்பதும் உண்மை. சரிசெய்யப்படாமல் தப்பிப்போகும் சிறு பகுதி ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வருவதுதான் கவலைக்குரியது.

தரையை அடையும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் யு.வி.ஏ. வகை, மிச்சம் யு.வி.பி. வெயிலில் நின்ற சில நிமிடங்களிலேயே தோல் மங்கலாகக் கருப்பது யு.வி.ஏ.வின் வேலை. ஏற்கெனவே இருக்கும் மெலனின் அப்போது ஆக்சிகரணம் அடைந்து நிறம் மாறுகிறது. புதிதாக எதுவும் உருவாவதில்லை. அதனால்தான் அந்த நிறம் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் மறைந்துவிடுகிறது. புதிய மெலனின் உருவாகி, 2 அல்லது 3 நாள் கழித்துத் தெரியத் தொடங்கி, வாரக்கணக்கில் நிற்கும் நிறம் பெரும்பாலும் யு.வி.பி.யால் வருவது. தோலைச் சிவக்க வைப்பதும் முக்கியமாக அதுதான். யு.வி.ஏ. இன்னும் ஆழமாகப் போய்த் தோலைத் தாங்கும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கிறது. சுருக்கமும் தொய்வும் அதனால் வருகின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. யு.வி.ஏ. பட்ட மெலனோசைட் செல்களில், இருட்டுக்கு வந்து 3 மணி நேரத்துக்கு மேலாகியும் டி.என்.ஏ. சேதம் தொடர்ந்து உண்டாகிறது. அதற்குக் காரணமாக இருப்பதும் அதே மெலனின்தான். நம்மைக் காக்கும் பொருளே சில நேரம் கெடுக்கவும் செய்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு எங்கள் துறையில் பலரை யோசிக்க வைத்தது.

தோழி சொன்னதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வெளிர்ந்த தோலில் வெயிலால் ஏறும் நிறம் தரும் பாதுகாப்பு, சன்ஸ்கிரீன் அளவுகோலில் சொன்னால், அதிகம் போனால் எஸ்.பி.எஃப். 3 அல்லது 4. டேனிங் படுக்கையில் யு.வி.ஏ. மூலம் மட்டும் ஏறிய நிறமாக இருந்தால் அதுகூடக் கிடைப்பதில்லை. எஸ்.பி.எஃப். 30 உள்ள ஒரு குழாயைக் கடையில் வாங்கிவிடலாம் என்னும்போது, எஸ்.பி.எஃப். 3க்காகப் பல வாரம் தோலைச் சேதப்படுத்திக்கொள்வதில் எந்தப் பொருளும் இல்லை. இதைவிடப் பெரிய கெடுதல், அது தரும் பொய்யான தைரியம். ‘எனக்குத்தான் நிறம் ஏறிவிட்டதே’ என்று நினைப்பவர்கள் வெயிலில் கூடுதல் நேரம் நின்றுவிடுகிறார்கள்.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். வெயிலில் படுத்து நிறம் ஏற்றுவதில் உங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது குறைவு, இழப்பது அதிகம். 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர், வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். இன்று அதில் 6 வகைகள் இருக்கின்றன. எப்போதும் எரிந்து, ஒருபோதும் கருக்காதது முதல் வகை. எளிதில் எரிந்து, சிரமப்பட்டுக் கொஞ்சம் கருப்பது இரண்டாவது. நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் இரண்டாம் வகை என்று தோன்றுகிறது. செம்பட்டை முடியும் மிக வெளிர்ந்த தோலும் உள்ளவர்களில் பலருக்கு எம்.சி.1.ஆர். என்ற மரபணு வேறு விதமாக அமைந்திருக்கும். அவர்களுடைய தோல் பாதுகாப்பான கரும்பழுப்பு மெலனினுக்குப் பதில் செம்மஞ்சள் வகை மெலனினையே அதிகம் உண்டாக்குகிறது. எத்தனை நாள் வெயிலில் படுத்தாலும் அவர்கள் ஆசைப்படும் நிறம் வராது. பயிற்சி செய்தால் தோல் பழகிவிடும் என்று நம்பி முயல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது பழக்கத்தால் வருவதல்ல, பிறப்பிலேயே அமைவது.

டேனிங் படுக்கையைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் இந்தக் கருவிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. சூரியக் கதிர்வீச்சு 1992 முதலே அந்தப் பிரிவில் இருக்கிறது. வெயிலில் நிற்பதைவிட இது ‘கட்டுப்படுத்தப்பட்ட அளவு’ என்று விளம்பரங்கள் சொல்லும். ஆனால் சக்தி வாய்ந்த கருவிகளில் யு.வி.ஏ. அளவு நண்பகல் வெயிலைவிட 10 முதல் 15 மடங்கு வரை போகலாம். பிரேசில் 2009இலேயே அழகுக்காக இவற்றைப் பயன்படுத்துவதை முற்றிலும் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2015 வாக்கில் மாநிலம் மாநிலமாக வணிக நிலையங்கள் மூடப்பட்டன. 2014இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கருவியின் மேலேயே பொறிக்கச் சொன்னது. பிரிட்டன், ஜெர்மனி உள்ளிட்ட பல நாடுகளில் 18 வயது நிரம்பாதவர்களை அனுமதிப்பதே சட்ட விரோதம். ஆகவே உங்கள் தங்கையை அழைத்துப் போகாதீர்கள். இளம் வயதில் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

மோசம் என்றால் எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 35 வயதுக்கு முன் டேனிங் படுக்கையைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் வரும் ஆபத்து, பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ 60 முதல் 75 சதவீதம் கூடுதல் என்று வெவ்வேறு தொகுப்பாய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. இது ஒப்பீட்டு ஆபத்து. நூறு பேரில் அறுபது பேருக்குப் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் சிறிய ஆபத்து அந்த விகிதத்தில் கூடுகிறது என்பதே பொருள். தவிர, இவை மக்களைப் பின்தொடர்ந்தும் விசாரித்தும் நடத்தப்பட்ட ஆய்வுகள். படுக்கைக்குப் போகிறவர்கள் வெயிலிலும் அதிகம் படுப்பவர்களாக இருக்கலாம் என்பதால் துல்லியமான எண்ணைப் பற்றி விவாதிக்க இடமுண்டு. திசையைப் பற்றி விவாதம் இல்லை. வயது குறையக் குறைய, தடவைகள் கூடக் கூட ஆபத்து ஏறுகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்பத் தெரிகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். புற ஊதாக் கதிர் படும்போது தோலில் பீட்டா எண்டார்ஃபின் என்ற, போதைப்பொருள் போலச் செயல்படும் வேதிப்பொருள் சுரப்பதும், அதற்கு விலங்குகள் அடிமையாவதும் 2014இல் எலிகளில் காட்டப்பட்டது. மனிதர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ‘ஒரு விழாவுக்காக மட்டும்’ என்று தொடங்கியவர்கள் நிறுத்த முடியாமல் தவிப்பதைப் பார்த்திருப்பதால், அந்த ஆய்வு எனக்கு வியப்பளிக்கவில்லை.

இப்போது நான் உங்களுக்குப் பரிந்துரைக்கும் வழிக்கு வருகிறேன். கடைகளில் ‘செல்ஃப் டேனர்’ என்ற பெயரில் கிடைக்கும் லோஷன், மவுஸ் என்ற நுரை, ஸ்பிரே எல்லாவற்றிலும் வேலை செய்யும் பொருள் பெரும்பாலும் ஒன்றே: டைஹைட்ராக்சி அசிட்டோன். டி.எச்.ஏ. என்று குறிப்பிடுவார்கள். இது மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு எளிய சர்க்கரை. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், ஒரு பிறவி வளர்சிதை நோய் உள்ள குழந்தைகளுக்கு இந்தச் சர்க்கரையை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் துப்பியது தோலில் பட்ட இடமெல்லாம் பழுப்பாவதையும், துணியில் கறை படியாததையும் கவனித்தார். தன் தோலிலேயே பூசிப் பார்த்து உறுதி செய்தார். தோலின் மிக மேலே இருக்கும் இறந்த செல் அடுக்கில் உள்ள அமினோ அமிலங்களோடு இந்தச் சர்க்கரை வினைபுரிந்து பழுப்பு நிறப் பொருளை உண்டாக்குகிறது. ரொட்டியின் மேல்பகுதி அடுப்பில் பழுப்பாவதும் இதே வகை வினைதான். மெலனினுக்கு இதில் வேலையே இல்லை, கதிர் தேவையில்லை, அடியில் இருக்கும் உயிருள்ள செல்களின் நிறம் மாறுவதில்லை. பூசிய 2 முதல் 4 மணி நேரத்தில் நிறம் தெரியத் தொடங்கி ஒரு நாளில் முழுமையாகும். இறந்த அடுக்கு உதிர உதிர, ஒரு வாரத்துக்குள் மங்கிவிடும். சில தயாரிப்புகளில் எரித்ருலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் இருக்கும். அது மெதுவாக, மென்மையாக நிறம் தரும். இரண்டும் கலந்தவை சற்று இயல்பாகத் தோன்றும், மங்கும்போதும் திட்டுத்திட்டாகத் தெரியாது என்பது என் கணிப்பு.

இதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்று பிரித்துச் சொல்கிறேன். உடலின் வெளிப்புறத் தோலில் பூசுவதற்கு டி.எச்.ஏ. பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அதனால் புற்றுநோய் வந்ததாக மனிதர்களிடம் சான்று இல்லை. சிலருக்கு ஒவ்வாமை வருவதுண்டு. பல நேரம் அதற்குக் காரணம் வாசனைப் பொருளும் பதப்படுத்திகளும்தான். சோதனைக்கூடத்தில், தட்டில் வளர்த்த தோல் செல்களில் இதை நேரடியாகச் சேர்த்தபோது டி.என்.ஏ. சேதம் காணப்பட்டது. உயிருள்ள மனிதத் தோலில் இறந்த அடுக்கைத் தாண்டி உள்ளே போவது மிகக் கொஞ்சமே என்பதால் அந்த முடிவை அப்படியே நம் மேல் பொருத்த முடியாது. ஆனால் உள்ளிழுப்பது வேறு விஷயம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதி வெளிப்புறத் தோலில் பூசுவதற்கு மட்டுமே உரியது. உதடு, கண்ணைச் சுற்றிய பகுதி, சளிச்சவ்வுகள் எவற்றிலும் படக் கூடாது, மூச்சில் போகக் கூடாது என்கிறது. நிலையங்களில் சிறு அறைக்குள் நிறுத்தி உடல் முழுக்கப் பனிபோல் தெளிக்கும் முறையில் இதைக் கடைப்பிடிப்பது கடினம். நுரையீரலுக்குள் திரும்பத் திரும்பப் போனால் நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பது இன்னும் தீராத கேள்வி. தெளித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் மூக்கில் அடைப்பான், கண்ணுக்கு மூடி, உதட்டில் களிம்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள், தெளிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தெளிப்பைத் தவிர்த்து லோஷனோடு நிற்பதே நல்லது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைத் தயாரிப்புகளில் 10 சதவீதத்துக்கு மேல் டி.எச்.ஏ. இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்களுக்கு 3 முதல் 5 சதவீதம் உள்ளதே போதும். வெளிர்ந்த தோலில் அதற்கு மேல் போனால் நிறம் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து செயற்கையாகிவிடும்.

இந்த லோஷன் வெயிலிலிருந்து காப்பாற்றாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பாகத் தெரிவதால் பாதுகாப்பும் வந்துவிட்டதாக நினைப்பவர்கள் ஏராளம். இன்னும் சொல்லப்போனால், பூசிய முதல் 24 மணி நேரத்தில் வெயில் பட்டால் தோலில் ஃப்ரீ ரேடிக்கல் என்ற, கேடு செய்யும் நிலையற்ற மூலக்கூறுகள் வழக்கத்தைவிட அதிகமாக உண்டாவதாக ஒரு ஜெர்மானிய ஆய்வு காட்டியது. எடுத்துப் பார்த்த தோல் துண்டுகளில் செய்யப்பட்ட சோதனை அது. நடைமுறையில் எவ்வளவு பொருட்படுத்த வேண்டும் என்பது தெளிவாகவில்லை. இரவில் பூசி, மறுநாள் வெயிலைத் தவிர்த்துவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

பூசும் விதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். லோஷனைக் குறை சொல்லிப் பயனில்லை. இறந்த அடுக்கு தடித்த இடத்தில் நிறம் அதிகம் பிடிக்கும் என்ற ஒரு விதி எல்லாவற்றையும் விளக்கிவிடும். முழங்கை, முழங்கால், கணுக்கால், குதிகால், விரல் கணுக்கள் ஆகிய இடங்கள் அதனால்தான் அடர்ந்து அழுக்குப் போலத் தெரிகின்றன. முதலில், முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி 2 நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வராவிட்டால் மேலே போகலாம். முடி நீக்குவதாக இருந்தால் முந்தின நாளே முடித்துவிடுங்கள். பூசிய பிறகு வாக்சிங் செய்தால் இறந்த அடுக்கோடு நிறமும் திட்டுத்திட்டாகக் கிளம்பிவிடும். பூசும் நாளில் குளிக்கும்போது சொரசொரப்பான துணியால் உடம்பை மெதுவாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை ஏதும் மிஞ்சாமல் கழுவி, நன்றாகத் துவட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தடித்த இடங்களில் மட்டும் சாதாரண மாய்ஸ்ச்சரைசரை மெல்லிசாகத் தடவுங்கள். அங்கே நிறம் அதிகம் ஏறாமல் அது தடுக்கும். பிறகு கையுறை அணிந்து, காலிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு பகுதியாக வட்டமாகத் தேய்த்துப் பூசுங்கள். மணிக்கட்டு, கணுக்கால், கழுத்தோரம் ஆகிய இடங்களில் புதிதாக எடுக்காமல், கையில் மிஞ்சியதை மட்டும் இழுத்துவிடுங்கள். கையுறை இல்லாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடை அணிய 15 நிமிடமாவது பொறுங்கள். அடுத்த 6 முதல் 8 மணி நேரம் குளியலும் வியர்வையும் கூடாது. முகத்துக்கு உடலுக்குப் பூசியதில் பாதியே போதும். அங்கே தோல் விரைவாக உதிர்வதால் 3 நாளில் மங்கும், திரும்பப் பூச வேண்டியிருக்கும். முகத்தில் ரெட்டினாய்டு அல்லது பழ அமிலக் களிம்பு பூசுபவர்களுக்கு இன்னும் விரைவில் மங்கும்.

விழாவுக்கு 3 வாரம் முன்பே ஒரு முறை முழுதாகப் பூசி ஒத்திகை பாருங்கள். பிடித்த நிறம் எது, எந்த இடத்தில் திட்டு விழுகிறது, புகைப்படத்தில் எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். விழாவுக்கு 2 நாள் முன்னதாக இறுதிப் பூச்சு வைத்துக்கொண்டால் முதல் நாளின் கூர்மையான நிறமும், அந்த வினைக்கே உரிய ஒரு விதமான வாசனையும் அடங்கியிருக்கும். முதல் முறை முயல்பவர் என்பதால், தினமும் பூசும் மாய்ஸ்ச்சரைசரிலேயே மிகக் குறைந்த அளவு டி.எச்.ஏ. கலந்து வரும் வகையை நான் முதலில் சொல்வேன். நிறம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். தவறினாலும் தெரியாது, போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்திவிடலாம். ஒரே மாலைக்கு மட்டும் நிறம் போதும் என்றால் கழுவினால் போய்விடும் பிரான்சர் பவுடரோ களிம்போ எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது. அது வெறும் ஒப்பனை. வெளிர் நிற உடையில் ஒட்டும் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

மாத்திரைகளை வாங்காதீர்கள். டேனிங் மாத்திரை என்று விற்கப்பட்டவற்றில் முக்கியமானது கேன்தசாந்தின் என்ற செந்நிறப் பொருள். உணவுக்கு நிறமூட்ட மிகச் சிறிய அளவில் அனுமதிக்கப்பட்ட இதையே, தோலின் நிறம் மாறும் அளவுக்கு விழுங்கும்போது அது உடல் முழுக்கப் படிகிறது. கண்ணின் விழித்திரையில் மஞ்சள் படிகங்களாகத் தங்குவது நன்கு பதிவான விளைவு. கல்லீரல் அழற்சியும், கடுமையான தோல் படையும் பதிவாகியிருக்கின்றன. பீட்டா கரோட்டின் மாத்திரையும் தோலை மஞ்சளாக்குமே தவிரப் பழுப்பாக்காது. புகைப்பவர்களுக்கு அதை அதிக அளவில் கொடுத்த ஃபின்லாந்து ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியதை 1994இல் உலகமே கவனித்தது. புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. காய்கறி, பழங்களில் இயற்கையாக உள்ள கரோட்டினுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும், அதையே ஊசியாகப் போட்டுக்கொள்வதும்தான் இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் கவலை தருபவை. அதில் இருப்பதாகச் சொல்லப்படுவது மெலனோடான் 2. மெலனின் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைப் போலவே செயல்படுமாறு 1980களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட செயற்கைப் பொருள்களின் வரிசையில் வந்தது. நிறம் ஏற்றும் மருந்தாக இதற்கு எங்கும் அனுமதி இல்லை. இணையத்தில் குப்பியாக வாங்குபவருக்கு உள்ளே உண்மையில் என்ன, எவ்வளவு, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. குமட்டல், முகம் சிவத்தல், பசியின்மை ஆகியவை பரவலாக வரும். ஆண்களுக்கு வலியோடு நெடுநேரம் நீடிக்கும் விறைப்பு ஏற்பட்டு அவசர சிகிச்சை தேவைப்பட்டதுண்டு. தோல் மருத்துவனாக என்னை உறுத்துவது வேறு: பழைய மச்சங்கள் திடீரெனக் கருக்கின்றன, புதிய மச்சங்கள் முளைக்கின்றன. பயன்படுத்திய சிலருக்கு மெலனோமா வந்ததாகத் தனித்தனி அறிக்கைகள் உண்டு. மருந்துதான் காரணமா, அவர்கள் கூடவே எடுத்துக்கொண்ட வெயிலும் டேனிங் படுக்கையும் காரணமா என்று அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த அஃபமெலனோடைட் என்ற மருந்து ஐரோப்பாவில் 2014இலும் அமெரிக்காவில் 2019இலும் அனுமதி பெற்றது. அதைச் சுட்டிக்காட்டி ‘அனுமதி பெற்றதுதானே’ என்று விற்பவர்கள் உண்டு. ஒளி பட்டாலே தாங்க முடியாத வலி வரும் ஓர் அரிய மரபு நோய்க்கு, சிறப்பு மருத்துவரின் கண்காணிப்பில், தோலுக்கடியில் பதிக்கும் மருந்து அது. அழகுக்காகத் தருவதில்லை.

வெயிலில் படுக்கும்போது எண்ணெய் பூசிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய் தோலிலிருந்து ஒளி சிதறுவதைக் குறைத்து, கதிர் உள்ளே போவதை எளிதாக்குகிறது; பாதுகாப்பு எதுவும் தருவதில்லை. டைரோசின் கலந்த ‘டேன் ஆக்சலரேட்டர்’ களிம்புகள் வேலை செய்வதாக நல்ல சான்று இல்லை. பெர்கமாட் போன்ற சிட்ரஸ் எண்ணெய்களில் சோராலன் வகைப் பொருள்கள் இருக்கும். வெயிலோடு சேர்ந்தால் கொப்புளமும் மாதக்கணக்கில் மாறாத கருந்தழும்பும் வரும். இயற்கையானது என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் இதைக் கவனியுங்கள்.

வைட்டமின் டி வேண்டுமே என்று சிலர் கேட்பார்கள். அதற்கு நிறம் ஏறும் அளவுக்கு வெயில் தேவையே இல்லை. தோலில் அதன் உற்பத்தி குறுகிய நேரத்திலேயே ஓர் உச்சத்தை எட்டி நின்றுவிடும். அதற்கு மேல் நிற்பதெல்லாம் சேதத்தை மட்டுமே கூட்டும். பெரும்பாலும் யு.வி.ஏ. உமிழும் படுக்கைகள் இதற்குச் சரியான வழியும் அல்ல. குறைபாடு என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் மாத்திரை போதும்.

கடற்கரைப் பயணத்தில் லோஷன் நிறத்தோடு நீங்கள் வெயிலுக்குப் போவீர்கள் என்பதால் சன்ஸ்கிரீன் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஸ்.பி.எஃப். 30 சரியாகப் பூசினால் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தையும், 50 ஏறத்தாழ 98 சதவீதத்தையும் தடுக்கும். ‘சரியாக’ என்பதில்தான் சிக்கல். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் பூசுகிறோம். யு.வி.ஏ.வையும் தடுப்பதாகக் குறிப்பிடும் வகையை வாங்கி, வெளியே போவதற்கு 15 நிமிடம் முன் தாராளமாகப் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீந்தி எழுந்த பிறகும் திரும்பப் பூசுங்கள். அதிக எண் கொண்ட சன்ஸ்கிரீன் கிடைத்தவர்கள் வெயிலில் அதிக நேரம் படுத்துவிட்டதை ஐரோப்பிய மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனை காட்டியது. அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள். சன்ஸ்கிரீன் உண்மையிலேயே பலன் தருமா என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த சோதனையைத்தான் நான் நோயாளிகளிடம் எடுத்துச் சொல்வது. தினமும் பூசியவர்களிடம் செதிள்செல் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோய் வகை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. பின்னர் தொடர்ந்து கவனித்தபோது, விருப்பப்படி பூசியவர்களில் 22 பேருக்கு மெலனோமா வந்திருக்க, தினமும் பூசியவர்களில் 11 பேருக்கே வந்திருந்தது. எண்கள் சிறியவை என்பதால் இந்த இரண்டாவது முடிவை முதலாவதைப் போல அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் குடும்பத்தாருக்குச் சொல்லும் அளவுக்கு அதை நம்புகிறேன். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் முழுக்க நிழலில் இருங்கள். தொப்பியும் நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும் எந்தக் களிம்பையும்விட நம்பகமானவை. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை என்பதால், வெயில் சுடவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் நிறம் ஏறத்தான் செய்யும். அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை; அதைத் தேடிப் போகாமல் இருந்தால் போதும்.

இதைப் படிக்கும் மாநிறத்தவர்களுக்கும் கருநிறத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தோலில் இயல்பாக இருக்கும் மெலனின் உண்மையான பாதுகாப்புத் தருகிறது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் உங்களுக்கு மிகக் குறைவு. ஆனால் அதே கதிர்கள் கன்னத்தில் மங்கு, காயத்துக்குப் பின் கருந்தழும்பு ஆகியவற்றை உங்களுக்குத்தான் அதிகம் தருகின்றன. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும் மெலனோமா வெயிலோடு தொடர்பில்லாதது; அங்கே புதிதாகக் கரும்புள்ளியோ நகத்தில் கருங்கோடோ தோன்றினால் காட்டிவிடுங்கள்.

திரையின் வழியாக நான் சொல்லக்கூடியதற்கு எல்லை உண்டு. உங்கள் தோலை நான் பார்க்கவில்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா வந்திருக்கிறதா, நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்கான தையசைடு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் போன்ற மருந்துகள் சாதாரண வெயிலிலேயே தோலை எரியவைக்கும். அவற்றில் ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் பயணத்துக்கு முன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். எக்சிமா, சொரியாசிஸ் போன்றவை இருந்தால் லோஷன் அந்த இடங்களில் எரிச்சல் தரும், நிறமும் ஒழுங்காகப் பிடிக்காது. உடம்பில் மச்சங்கள் நிறைய இருந்தாலோ, ஏதாவது ஒன்று ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தாலோ, ஓரம் மங்கிப் பல நிறமாகத் தெரிந்தாலோ, மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நின்றாலோ, லோஷனைத் தொடுவதற்கு முன்பே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். டி.எச்.ஏ. மச்சத்தின் மேலும் நிறம் ஏற்றும். உருப்பெருக்கிக் கருவியில் பார்க்கும்போது அது எங்களைத் திசைதிருப்பக் கூடும். ஏற்கெனவே பூசியிருந்தால் முழுதாக மங்கும் வரை ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துப் போங்கள். மச்சம் வேகமாக மாறிக்கொண்டிருந்தாலோ இரத்தம் கசிந்தாலோ காத்திருக்க வேண்டாம்; பூசியிருக்கிறேன் என்று சொல்லி அன்றைக்கே காட்டுங்கள்.